லுங்கிக்கு என்ன குறை?

2014 ஜூலையில் சென்னை சேப்பாக்கத்தில் ஒரு புத்தக வெளியீட்டு விழா. தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் கிளப்பில் நடந்த அந்த விழாவுக்கு உயர் நீதிமன்ற நீதிபதி டி. அரிபரந்தாமன் வேட்டி கட்டிக்கொண்டு போனார். வாசலிலேயே தடுத்துவிட்டார்கள். வேட்டியில் வந்த வழக்கறிஞர்களுக்கும் அதே கதிதான். தமிழ்நாடு கொதித்தது. சட்டமன்றத்தில் கட்சி பார்க்காமல் கண்டனம் எழுந்தது. அடுத்த மாதமே சட்டம் வந்துவிட்டது: தமிழர் பண்பாட்டைக் காட்டும் வேட்டியோ இந்தியப் பாரம்பரிய உடை வேறு எதுவோ உடுத்தி வருபவரைப் பொது இடத்தில் தடுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம், கிளப்பின் உரிமமும் போகும்.

அந்தக் கோபம் நியாயமானது. வெள்ளைக்காரன் கப்பலேறி அறுபத்தேழு வருஷம் ஆன பிறகும் அவன் விட்டுப்போன கிளப் விதியைக் கட்டிக்கொண்டு அழுதவர்களுக்கு அந்தக் குட்டு வேண்டியதுதான். என் கேள்வி வேறு. அன்றைக்கு அதே நீதிபதி நீலக் கட்டம் போட்ட லுங்கியில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சட்டமன்றம் கொதித்திருக்குமா? 'ஒரு நீதிபதி இப்படியா வருவது' என்று முதல் ஆளாக முகம் சுளித்திருப்பவர், அன்று கண்டனம் முழங்கிய உறுப்பினர்களில் ஒருவராகத்தான் இருந்திருப்பார்.

நம் ஊரில் இரண்டு நம்பிக்கைகள் ஒரே மண்டைக்குள் சண்டையில்லாமல் குடியிருக்கின்றன. ஒன்று: வேட்டி நம் மானம், அதை மறிப்பவன் அடிமைப் புத்திக்காரன். மற்றொன்று: லுங்கி அநாகரிகம், அதைக் கட்டிக்கொண்டு நாலு பேர் வரும் இடத்துக்கு வரக் கூடாது. ஜனவரி 6 வேட்டி தினத்தன்று பட்டுக்கரை வேட்டியில் செல்ஃபி எடுத்துப் போடும் மேலாளர், மறுநாள் அலுவலகத்துக்குச் சாமான் இறக்க லுங்கியில் வந்த ஆளைப் பின்வாசல் வழியாகப் போகச் சொல்வார். தான் செய்வதில் முரண் இருப்பதாக அவருக்குத் தோன்றாது. நாமும் சொல்லமாட்டோம். இரண்டாவது நம்பிக்கையை அந்த அளவுக்கு எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்டோம்.

அதை ஏன் ஒப்புக்கொண்டோம் என்று கேட்டால் முதலில் வரும் பதில், 'அது அசிங்கமாக இருக்கும்' என்பது. சரி, உடம்பை மறைப்பதுதான் கணக்கு என்றால் அந்தக் கணக்கையே பார்க்கலாம். கைலி மூட்டித் தைத்தது. முன்னால் திறப்பே கிடையாது. காற்றடித்தாலும் பஸ் படியேறினாலும் விலகாது. நாலு முழ வேட்டி அப்படியல்ல என்பது கட்டியவர்களுக்குத் தெரியும். கல்யாண வீட்டில் இடுப்பைப் பிடித்துக்கொண்டே பந்திக்கு நடக்கும் இளைஞர்களைப் பார்த்துத்தானே வியாபாரிகள் ஒட்டிக்கொள்ளும் பட்டையும் பாக்கெட்டும் வைத்த வேட்டியைக் கொண்டுவந்தார்கள்? மேலும், வெள்ளைத் துணி வெளிச்சத்தில் காட்டிக்கொடுக்கும். எட்டு முழத்தை இரண்டாக மடித்து உடுத்துவதற்கு அதுவும் ஒரு காரணம். நூலிலேயே சாயமேற்றி நெய்த கட்டத் துணிக்கு அந்தச் சங்கடம் இல்லை. மானத்தை மறைக்கும் பரீட்சையில் லுங்கிக்குத்தான் மார்க் கூட.

மடித்துக் கட்டினால் தொடை தெரிகிறதே என்பார்கள். வேட்டியை மடித்துக் கட்டினால் வேறென்ன தெரியும்? வெள்ளம் வந்த தெருவில் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு இறங்கும் அமைச்சரின் படம் மறுநாள் பத்திரிகையில் மக்கள் தொண்டின் அடையாளமாக வருகிறது. அதே தண்ணீரில் அவருக்கு முன்னால் லுங்கியை மடித்துக் கட்டிச் சாக்கடை அடைப்பை எடுத்துக்கொண்டிருப்பவரைப் படத்தில் ஓரமாக வெட்டிவிடுவார்கள். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்.

அடுத்த பதில் கொஞ்சம் நாசூக்கானது: 'லுங்கியைக் குறை சொல்லவில்லை, அது வீட்டு உடை, படுக்கிற உடை.' யாருக்கு வீட்டு உடை? காலையில் பேன்ட் போட்டு வேலைக்குப் போய், மாலையில் திரும்பிக் கழற்றிப் போட்டுவிட்டுக் கைலிக்கு மாறும் சம்பளக்காரருக்கு அது வீட்டு உடை. கொத்தனாருக்கு, மீன்பிடிப் படகில் வலை இழுப்பவருக்கு, மண்டியில் மூட்டை தூக்குபவருக்கு, லாரி ஓட்டுநருக்கு, டீ மாஸ்டருக்கு அது பகல் உடை, வேலை உடை. ஊரில் ஒரு பாதி தன் ஓய்வு நேரத்து வழக்கத்தை எடுத்து, மறு பாதியின் உழைப்பு நேரத்தின் மேல் விதியாக எழுதி வைத்திருக்கிறது. 2023 ஜூனில் கிரேட்டர் நொய்டாவில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கம், பொது இடத்தில் லுங்கியிலும் நைட்டியிலும் நடமாட வேண்டாம் என்று சுற்றறிக்கை விட்டது. நைட்டிக்கும் இதே தலைவிதிதான் என்பதைக் கவனியுங்கள். தண்ணீர் பிடிக்கவும் மீன் வாங்கவும் வசதியான உடை எதுவோ, அதுதான் எப்போதும் 'படுக்கிற உடை' ஆகிறது.

வெள்ளையைப் பற்றியும் இங்கே பேசியாக வேண்டும். வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டை எளிமையின் சின்னம் என்று எத்தனை மேடையில் கேட்டிருப்போம். அந்த எளிமையின் பின்னால் எத்தனை கை வேலை இருக்கிறது என்று யாராவது எண்ணியதுண்டா? ஊற வைக்க வேண்டும், அடித்துத் துவைக்க வேண்டும், சொட்டுநீலம் அளவாய் விட வேண்டும் (கூடினால் திட்டுத் திட்டாய்ப் பிடித்துவிடும்), கஞ்சி போட வேண்டும், நிழலில் காயப்போட வேண்டும், கரை மடங்காமல் இஸ்திரி போட வேண்டும். கட்டியவர் இதில் ஒன்றையும் செய்வதில்லை. வண்ணார் செய்தார், மனைவி செய்கிறார், தெருமுனை இஸ்திரி வண்டிக்காரர் செய்கிறார். ஒருவர் காலையில் உடுத்திய வெள்ளை மாலை வரை வெள்ளையாகவே இருக்கிறது என்றால், அவர் அன்று கிரீஸைத் தொடவில்லை, சிமென்ட்டைத் தொடவில்லை, சேற்றில் இறங்கவில்லை என்று பொருள். அந்தச் செய்தியைச் சொல்லத்தான் அவர் அதை உடுத்துகிறார். அதில் குற்றமில்லை, அதற்கு எளிமை என்று பெயர் வைப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. வேலை செய்கிறவர் கட்டம் போட்ட துணியைத் தேர்ந்தெடுப்பதற்கும் அவ்வளவு எளிய காரணம் உண்டு. கறை தெரியாது. ஒரு நாள் கறையை அடுத்த நாளும் தாங்கும். சட்டென்று அவிழ்த்து உதறலாம், தலைக்கு முண்டாசாக்கலாம், வியர்வை துடைக்கலாம், மத்தியானம் நிழலில் விரித்துப் படுக்கலாம், ஒரு மணி வெயிலில் காய்ந்துவிடும். சென்னையின் மே மாதத்துக்கு இதைவிடப் பொருத்தமான கீழுடையை யாராவது கண்டுபிடித்துக் காட்டட்டும்.

'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்றுதான் நம் பெரியவர்கள் சொன்னார்கள். துவைத்திருக்க வேண்டும் என்பதோடு அவர்களுடைய நிபந்தனை முடிந்துவிட்டது. நிறம் வெள்ளையாக இருக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

பாரம்பரியம் என்ற பெரிய கத்தியை எடுப்பவர்களும் உண்டு. வேட்டி தமிழனுடையது, லுங்கி எங்கிருந்தோ வந்தது என்பது அவர்கள் வாதம். அவர்கள் சென்னைக்கு வடக்கே கொஞ்ச தூரம் போய்ப் பழவேற்காட்டைப் பார்த்துவிட்டு வரலாம். டச்சுக்காரர்கள் கோட்டை கட்டி உட்கார்ந்த அந்தத் துறைமுகத்திலிருந்து கட்டம் போட்ட துணி கப்பல் கப்பலாய்த் தென்கிழக்கு ஆசியாவுக்குப் போனது. மலேசியாவில் ஆண்கள் கட்டும் கட்டச் சாரத்துக்கு இன்றும் 'கைன் பெலிகட்' என்றுதான் பெயர். அந்தப் பெலிகட் நம் பழவேற்காடுதான். இன்னொரு பக்கம், மெட்ராஸ் கைக்குட்டை என்ற பெயரில் இதே கடற்கரையின் கட்டத் துணி மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போய், நைஜீரியாவின் கலபாரி மக்களுக்குப் பிறப்பு முதல் இறப்பு வரை சடங்குத் துணியாக ஆயிற்று. குறிஞ்சிப்பாடியிலும் குடியாத்தத்திலும் தறியில் உட்கார்ந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்: வெள்ளை வேட்டி ஒரே நாடாவில் ஓடும், கட்டம் விழ வேண்டுமென்றால் பாவிலும் ஊடையிலும் கணக்குப் பிசகாமல் நிறம் மாற்றி நாடா மாற்றி ஓட்ட வேண்டும். கைத்திறன் என்று பார்த்தாலும் கட்டம் இளைத்ததல்ல.

இந்தத் துணி அமெரிக்காவில் பெற்ற மரியாதை தனிக்கதை. 1958இல் வில்லியம் ஜேக்கப்சன் என்ற துணி இறக்குமதியாளர், பின்னாளில் லீலா ஓட்டல்களை நிறுவிய கேப்டன் சி.பி. கிருஷ்ணன் நாயரிடம் பம்பாயில் மெட்ராஸ் துணி வாங்கிப்போய் ப்ரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்குக் கொடுத்தார். சாயம் போகும், குளிர்ந்த நீரில் மெதுவாகத் துவைக்க வேண்டும் என்ற எச்சரிக்கை வாங்கியவர்களிடம் போய்ச் சேரவில்லை. துவைத்தார்கள், நிறம் ஒன்றோடொன்று கலந்து போயிற்று, ரகளை. விளம்பர உலகின் டேவிட் ஓகில்வி உள்ளே வந்து பழியையே புகழாக்கினார்: இந்தத் துணி சாயம் போகும், அதற்கு நாங்கள் உத்தரவாதம் என்று விற்றார்கள். பணக்காரக் கல்லூரி மாணவர்கள் விழுந்தடித்து வாங்கினார்கள். அமெரிக்க ஆண்களின் கோடைக்கால உடுப்பில் மெட்ராஸ் கட்டம் இன்றைக்கும் குலத்துப் பிள்ளை. 2018இல் ஜாரா நிறுவனம் அச்சு அசல் நம் கைலி போன்ற ஒரு பாவாடையை 69.99 பவுண்டுக்கு, அதாவது ஆறாயிரம் ரூபாய்க்கு மேல், விலை போட்டு விற்றதும் நாம் கைகொட்டிச் சிரித்தோம். சிரித்தவர்களில் எத்தனை பேர் சொந்த லுங்கியில் ஒரு ஷாப்பிங் மாலுக்குள் போயிருப்பார்கள்?

வேட்டியின் பாரம்பரியத்தை மட்டும் அவ்வளவு சுத்தமானதாகக் காட்டுவதும் சரியில்லை. 1930இல் ராமநாதபுரம் பகுதியில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக் கூடாது. சட்டை, கோட்டு, பனியன் போடக் கூடாது. கிராப்பு வெட்டக் கூடாது என்பவை அவற்றில் அடக்கம். மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குத் தலைமை வகித்த ஜே.எச். ஹட்டன் இதைத் தன் சாதி பற்றிய நூலில் பதிவு செய்திருக்கிறார். கணுக்கால் வரை வேட்டி என்பது இந்த மண்ணில் எல்லோருக்கும் பொதுவான மரபாக இருந்ததே இல்லை. சிலருக்கு உரிமை, சிலருக்குத் தடை. பண்ணையார் எதிரில் மடித்த வேட்டியை இறக்கிவிட வேண்டும், தோள் துண்டு இடுப்புக்கோ கக்கத்துக்கோ போக வேண்டும். நாகசுரச் சக்கரவர்த்தி டி.என். ராஜரத்தினம் பிள்ளை கிராப்பு வைத்து ஷெர்வானி போட்டு மேடையேறியதைச் சிலர் ஆடம்பரம் என்றார்கள். இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்று வாசிக்க வைக்கப்பட்ட பரம்பரை அது. அந்த உடுப்பை ஆடம்பரம் என்பதற்கு முன்னால் இதை நினைத்துப் பார்த்திருக்கலாம்.

1921 செப்டம்பர் 22 அன்று மதுரை மேலமாசி வீதியில்தான் காந்தி தன் உடுப்பை அரைத் துணியாகக் குறைத்துக்கொண்டார். கதர் வாங்கக் காசில்லை என்று சொன்ன ஏழைகளைப் பார்த்து எடுத்த முடிவு. ஏழை உடுத்துவதை நானும் உடுத்துகிறேன் என்பதுதான் அதன் பொருள். தொண்ணூற்று நான்கு ஆண்டு கழித்து, அதே மதுரையில் இருக்கும் உயர் நீதிமன்றக் கிளையிலிருந்து 2015 நவம்பரில் ஓர் உத்தரவு வந்தது: கோயிலுக்கு வரும் ஆண்கள் வேட்டியோ பைஜாமாவோ முறையான பேன்ட் சட்டையோ அணிய வேண்டும், லுங்கி, பெர்முடா, ஜீன்ஸ் கூடாது. இத்தனைக்கும் நீதிமன்றத்துக்குப் போன மனு கோயில் திருவிழாவில் கலை நிகழ்ச்சி நடத்த அனுமதி கேட்டுத்தான். 2016 ஜனவரி 1 முதல் கோயில் வாசல்களில் பலகைகள் ஏறின. சில வாரங்களிலேயே டிவிஷன் பெஞ்ச் அந்த உத்தரவுக்குத் தடை விதித்தது. ஆனால் பலகை சொன்ன பாடம் ஊர் மனதில் தங்கிவிட்டது. திருச்செந்தூரில் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் சன்னிதிக்குப் போகிறார்கள். வெற்று மார்பு பக்தி, இடுப்பில் கட்டம் இருந்தால் அபசாரம்! இந்தத் தர்க்கத்தை முருகனே வந்து விளக்கினாலும் எனக்குப் புரியாது.

2019இல் தலைமைச் செயலக ஊழியர்களுக்கு வந்த அரசாணையும் இதே பாட்டைத்தான் பாடியது. ஆண்கள் சட்டையும் பேன்டும் போடலாம், அல்லது தமிழ்ப் பண்பாட்டைக் காட்டும் வேட்டி கட்டலாம். பண்பாட்டைக் காட்டும் வேட்டி என்றதும் எல்லார் மனக்கண்ணிலும் கரை போட்ட வெள்ளைதான் வருகிறது. தமிழ் ஆண்களில் கணிசமானவர்கள் நாள் முழுக்க இடுப்பில் வைத்திருக்கும் துணி பண்பாட்டில் சேர்த்தி இல்லையாம்.

வெளியே சொல்லாத காரணம் ஒன்று மிச்சம் இருக்கிறது. லுங்கி என்றால் ரவுடி, லுங்கி என்றால் முஸ்லிம் என்ற இரண்டு படங்கள் பலர் மனதில் ஒட்டிக் கிடக்கின்றன. முதல் படத்தை ஒட்டியது சினிமா. அரிவாள் தூக்குகிறவன், சாராயம் காய்ச்சுகிறவன், பேட்டை அடியாள் எல்லோருக்கும் உடை அலங்காரக்காரர் ஒரே துணியைத்தான் எடுத்துக் கொடுத்தார். நாயகன் கட்டினாலும் சேட்டை செய்யும் காட்சியோடு சரி. கல்யாணம் ஆனதும், ஊர்த் தலைவர் ஆனதும் வெள்ளைக்கு மாறிவிடுவான். நிஜத்தில் இந்த மாநிலத்தைக் கொள்ளையடித்தவர்களின் உடை என்ன நிறம் என்பது வாசகருக்குத் தெரியாததல்ல. இரண்டாவது படம் இன்னும் மோசமானது. மரைக்காயர் வணிகர்களும் பர்மா, மலாயா போய்த் திரும்பிய கூலிகளும் இந்த உடை பரவியதில் பெரும்பங்கு வகித்தவர்கள். கடல் கடந்து உழைத்தவர்கள் கொண்டுவந்ததை அந்நியம் என்று ஒதுக்குகிறவர்கள், லண்டனிலிருந்து வந்த கழுத்துப் பட்டையைப் பள்ளிக்கூடத்துப் பிஞ்சுகளின் கழுத்தில் சித்திரை வெயிலில் மாட்டிவிடுகிறார்கள்.

வங்கக் கடலுக்கு அந்தப் பக்கம் நிலைமை வேறு. மியான்மரில் நாடாளுமன்ற உறுப்பினர்கள் லோன்ஜியில் அவைக்கு வருவது வழக்கம். பள்ளிச் சீருடையே பச்சை லோன்ஜி. இந்தோனேசியாவில் 2019 முதல் 2024 வரை துணை அதிபராக இருந்த மஃரூப் அமீன் கோட்டுக்குக் கீழே சாரம் கட்டி அரசு விழாக்களில் நின்றார். யாருக்கும் நாகரிகம் குறைந்துவிடவில்லை. வங்கதேசத்தில் 2013இல் டாக்காவின் பணக்காரப் பகுதியான பாரிதாராவில், லுங்கி கட்டிய ரிக்‌ஷாக்காரர்கள் உள்ளே வரக் கூடாது என்று குடியிருப்போர் சங்கம் தடை போட்டது. மௌலானா பாஷானி வாழ்நாள் முழுக்க லுங்கியோடு அரசியல் செய்த நாடு அது, விடுவார்களா? இளைஞர்கள் லுங்கி கட்டிக்கொண்டு சைக்கிளில் ஊர்வலம் கிளம்பினார்கள், உயர் நீதிமன்றமும் கேள்வி கேட்டது. நம் ஊரில் அப்படி ஓர் ஊர்வலத்தைக் கற்பனை செய்யவே சிரமமாக இருக்கிறது.

எதிர்த்தரப்பில் எனக்கு மதிப்புள்ள வாதம் ஒன்றுண்டு. 'உழைக்கிறவர்களே லுங்கியை விட்டுப் பேன்டுக்குப் போக ஆசைப்படுகிறார்கள், நீ ஏன் அதை அவர்கள் தலையில் கட்டுகிறாய்?' முழங்காலுக்குக் கீழே துணி உடுத்தியதற்காகக் குடிசை எரிந்தவர்களின் பேரன் மடிப்புக் கலையாத பேன்ட் சட்டையில் நடப்பதை நான் கொண்டாடுகிறேன். அம்பேத்கர் கோட்டும் சூட்டுமாய் நின்றதில் இருந்த அரசியல் எனக்குப் புரியும்; அந்தப் பேரனிடம் போய் 'பாரம்பரிய உடைக்குத் திரும்பு' என்று வேட்டி தின உபதேசம் செய்கிறவர்களைக் கண்டால்தான் எரிச்சல் வருகிறது. யாரும் லுங்கி கட்டியே ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கட்டியிருப்பவரை மறிக்காதே என்கிறேன். டவுனுக்குப் போகும்போது மஞ்சள் பையில் பேன்டை மடித்து வைத்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டு கழிப்பறையில் மாற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கும் வங்கிக்கும் போகிறவருக்கு அது ஆசையா, பயமா? கதவு திறந்திருக்கும்போது எதை உடுத்துகிறார் என்று பார்த்துவிட்டு அப்புறம் ஆசையைப் பற்றிப் பேசலாம்.

பாதுகாப்புக் காரணங்களை நான் மறுக்கவில்லை. சுழலும் இயந்திரத்தின் பக்கத்தில் லுங்கி ஆபத்து. வேட்டியும் துப்பட்டாவும் அங்கே ஆபத்துதான். தொழிற்சாலைத் தளத்துக்கு ஒரு விதி இருக்கட்டும். திரையரங்கின் இருக்கையிலும், ஓட்டல் மேசையிலும், கோயில் பிராகாரத்திலும், அரசு அலுவலகத்தின் மனு வாங்கும் ஜன்னலிலும் எந்தப் பல்சக்கரம் சுழல்கிறது?

'ஆள் பாதி, ஆடை பாதி' என்று கடைசி அஸ்திரமாக வீசுவார்கள். ஆடையில் பாதி ஆள் தெரிகிறான் என்றால், லுங்கியில் தெரிகிற ஆள் யார்? இந்தக் கட்டடங்களைக் கட்டியவர், காய்கறியை ராத்திரியில் இறக்கியவர், மீனைக் கரை சேர்த்தவர். அவரைத் தெரிய வேண்டாம் என்பதுதான் வாசல் பலகையின் உள்நோக்கம்.

2014 சட்டத்தின் வாசகத்தில் இந்தியப் பாரம்பரிய உடை எதுவும் என்று இருக்கிறது. லுங்கியும் அதில் அடங்கும் என்று ஒரு நல்ல வழக்கறிஞர் வாதாடி ஜெயிக்கலாம். ஆனால் மூட்டை தூக்குகிறவர் வழக்காடப் போகமாட்டார். வாசலில் நிற்கும் காவலாளி சட்டம் படித்தவரும் அல்ல. ஆகவே சட்டமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீங்களே ஒருமனதாகக் கொண்டுவந்த சட்டம்தான். அதில் வேட்டி என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 'லுங்கி, கைலி, சாரம்' என்று மூன்று சொற்களைச் சேர்த்து ஒரு திருத்தம் கொண்டுவாருங்கள். அரசுக்கு ஒரு ரூபாய் செலவில்லை. எதிர்க்கிறவர் யார் என்பதை அவைக் குறிப்பில் பார்த்துக்கொள்கிறோம்.